ஞாயிற்றுக்கிழமை இரவில் குழந்தைக்குக் காய்ச்சல்: திருநெல்வேலியில் எந்த மருத்துவரிடம் செல்வது?

பாளைக்குப் புதியவள் | ஞாயிறு, மாலை 6.40

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆடி மாதம் சென்னையிலிருந்து பாளையங்கோட்டைக்குக் குடிவந்தோம். என் மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதம், எடை 12 கிலோ. நேற்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் உடம்பு சுடத் தொடங்கியது. இன்று மதியம் தெர்மாமீட்டரில் 102.6 காட்டியது. சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. பாராசிட்டமால் கொடுத்தால் இரண்டு மூன்று மணி நேரம் குறைகிறது, பிறகு மீண்டும் ஏறுகிறது.

சென்னையில் அவள் பிறந்ததிலிருந்து ஒரே மருத்துவரிடம்தான் காட்டிவந்தோம். இங்கே எங்களுக்கு யாரையும் தெரியாது. இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் அருகில் உள்ள குழந்தைகள் கிளினிக்குகள் மூடியிருந்தன. ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கே மருத்துவர் வருவதற்கு முன்பே, குழந்தையின் சட்டையைக்கூடத் தூக்கிப் பார்க்காமல், உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும் என்று சொல்லி ஏழெட்டுப் பரிசோதனைகள் எழுதிய சீட்டைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, திரும்பி வந்துவிட்டோம். வந்தது சரியா தவறா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் குழந்தை மருத்துவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

செவிலியம்மா | ஞாயிறு, மாலை 7.05

நான் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மகளே, மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதைப் பிறகு பேசுவோம். இந்த இரவு காத்திருக்கலாமா, இப்போதே கிளம்ப வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

காய்ச்சல் இறங்கியிருக்கும் நேரத்தில் அவள் விளையாடுகிறாளா, உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாளா? தண்ணீர், பால், கஞ்சி ஏதாவது உள்ளே போகிறதா? கடைசியாகச் சிறுநீர் கழித்தது எத்தனை மணிக்கு? தூங்கும்போது சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு நிமிடத்திற்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ அது நெஞ்சில் உள்ள கோளாறாக இருக்கலாம். எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலோ, கழுத்தை வளைக்க முடியாமல் அழுதாலோ, தோலில் தோன்றிய சிவப்புப் புள்ளிகள் விரலால் அழுத்தியும் மறையாமல் இருந்தாலோ, வலிப்பு வந்தாலோ, யாரிடம் போவது என்று யோசித்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

படிக்கும் மற்றத் தாய்மாருக்கும் சொல்கிறேன். மூன்று மாதம் நிறையாத பச்சிளங்குழந்தைக்கு 100.4 வந்தாலே, குழந்தை பார்வைக்கு நன்றாக இருந்தாலும், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் வைத்துப் பார்க்கும் பேச்சே கூடாது.

மருந்துக்கடைத் தம்பி | ஞாயிறு, மாலை 7.20

சகோதரி, நீங்கள் கொடுக்கும் பாராசிட்டமால் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? நான் மருந்தாளுநராக இருக்கிறேன். வாரத்திற்கு இரண்டு மூன்று பேராவது இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது, அதே 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கும். அட்டைப்பெட்டிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், "ஐந்து மில்லி கொடுங்கள்" என்று தொலைபேசியில் சொல்வது ஆபத்தான பேச்சு.

ஒரு வேளைக்குக் கிலோவுக்கு அதிகபட்சம் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. உங்கள் மகளுக்கு 180 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். 250 சிரப்பாக இருந்தால் அது சுமார் மூன்றரை மில்லி. 125 சிரப்பாக இருந்தால் ஏழு மில்லி. இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம், பெரும்பாலும் ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. வீட்டுக் கரண்டியால் அளக்காமல், அளவு குறித்த சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் தகப்பன் | ஞாயிறு, மாலை 7.48

நான் வேறு கருத்து சொல்ல வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால், இன்றே ஏதாவது ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். என் மகனுக்கு ஏழு வயதில் டெங்கு வந்தது. நான்கு நாட்கள் காய்ச்சல்; ஐந்தாம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்துவிட்டது. "காய்ச்சல் விட்டது, பிழைத்தோம்" என்று என் மனைவி அவனுக்கு இட்லி ஊட்டினாள். மதியம் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தான். கையும் காலும் ஐஸ் போல் இருந்தன. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதை இங்கே எழுத என் கை வரவில்லை. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் நேரம் என்பது எங்களுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இந்த மழைக்காலத்தில் யாரும் துணிந்து வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

வண்ணார்பேட்டை வாசகி | ஞாயிறு, இரவு 8.15

ஐயா, உங்கள் குடும்பம் பட்ட பாட்டைப் படித்தபோது நெஞ்சு பதறியது. ஆனால், தவறாக எண்ண வேண்டாம், உங்கள் அனுபவம் எனக்கு வேறொன்றையும் சொல்கிறது. முதல் நாளே மருத்துவமனையில் சேர்த்து மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும் அந்த ஐந்தாம் நாள் மதியம் வந்தே தீர்ந்திருக்கும். அன்று காலையில் குழந்தையைக் கூட்டி வரச் சொல்லும் ஒரு மருத்துவர்தான் உங்களுக்கு அப்போது தேவைப்பட்டிருக்கிறார்.

நாங்கள் மூன்று மருத்துவர்களை மாற்றிய பிறகுதான் இது எனக்குப் புரிந்தது. முதலாமவர் மிகவும் பெயர் பெற்றவர். டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் காத்திருந்தால் இரண்டு நிமிடம் பார்ப்பார். மறுநாள் சந்தேகம் கேட்க வழியே இல்லை. அடுத்தவர் எந்தக் காய்ச்சலுக்கும் முதல் நாளே ஆன்டிபயாடிக் எழுதுவார். இப்போது காட்டும் மருத்துவர் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் சிறிய கிளினிக் வைத்திருக்கிறார். காது, தொண்டை, வயிறு எல்லாவற்றையும் பார்க்கிறார், எடை போடாமல் மருந்து எழுதுவதில்லை, எப்போது திரும்பி வர வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதித் தருகிறார். தன்னால் முடியாததை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறார்.

பெயர்ப்பலகையில் எம்.பி.பி.எஸ்.-க்குப் பிறகு எம்.டி. குழந்தைகள் நலம், டி.என்.பி. குழந்தைகள் நலம் அல்லது குழந்தைகள் நலப் பட்டயமான டி.சி.எச். என்று இருக்கிறதா என்பதைப் பாருங்கள். பதிவு எண்ணைச் சீட்டில் அச்சிட்டிருப்பார்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் அதைச் சரிபார்க்கலாம். "டாக்டர்" என்ற பலகையை மட்டும் நம்பி ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் சிற்றூர்களில் இன்னும் இருக்கிறது என்பதால் இதைச் சொல்கிறேன்.

பாளைக்குப் புதியவள் | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. செவிலியம்மா சொன்னபடி மூச்சை எண்ணினேன், 32 வருகிறது. காய்ச்சல் இறங்கியபோது அரை மணி நேரம் பொம்மையோடு விளையாடினாள், அரைத் தம்ளர் கஞ்சி குடித்தாள். மாலை ஐந்து மணிக்கு டயப்பர் நனைந்திருந்தது. மாற்றும்போது கொஞ்சம் அழுதாள், தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். உடம்பில் எங்கும் தடிப்பு இல்லை.

பாட்டிலைப் பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. அது 250 சிரப். சென்னையில் 125 சிரப்பில் 5 மில்லி கொடுத்துப் பழகிய கையால், நேற்று இரவிலிருந்து மூன்று முறை இதிலும் 5 மில்லியே கொடுத்திருக்கிறேன். ஏதாவது ஆகியிருக்குமா?

மருந்துக்கடைத் தம்பி | ஞாயிறு, இரவு 9.22

பயப்படாதீர்கள். 5 மில்லி என்றால் 250 மில்லிகிராம். ஒரு வேளையின் அளவைவிட அதிகம்தான். ஆனால் ஒரு நாளின் உச்ச அளவு உங்கள் மகளின் எடைக்கு 720 மில்லிகிராம். நீங்கள் மூன்று வேளையில் 750 கொடுத்திருக்கிறீர்கள். அந்த எல்லையைச் சற்றே தாண்டியிருக்கிறது. அடுத்த வேளையைக் குறைந்தது எட்டு மணி நேரம் தள்ளிப்போட்டு, அதன்பின் மூன்றரை மில்லிக்கு மேல் கொடுக்காதீர்கள். இடையில் காய்ச்சல் ஏறினால் வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துவிடுங்கள். நாளை மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாள்கணக்கில் இப்படிக் கூடுதலாகக் கொடுத்தால்தான் ஈரலுக்குக் கேடு வரும்.

இன்னொன்று. காய்ச்சல் உடனே இறங்குகிறது என்று மெஃபனமிக் அமிலமும் ஐபுபுரூஃபனும் கேட்டு வாங்குகிறார்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை அவற்றைத் தொடக்கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். நிமெசுலைடை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுப்பதை 2011-லேயே இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள்; பழைய பாட்டில் எதுவும் வீட்டில் இருந்தால் தூக்கி எறியுங்கள்.

செவிலியம்மா | ஞாயிறு, இரவு 9.40

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், இன்று இரவு கண்காணித்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம் என்றே தோன்றுகிறது. ஆனால் உங்கள் மனம் ஏதோ சரியில்லை என்று சொன்னால், நடுராத்திரியானாலும் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குழந்தைகள் பிரிவில் இரவிலும் பணி மருத்துவர் இருப்பார், பரிசோதனைக் கூடமும் உண்டு. கூட்டத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். துவண்ட குழந்தையை வரிசையில் நிற்கவைக்க மாட்டார்கள்.

இன்று இரவு ஒரு தாளை எடுத்துக் காய்ச்சல் தொடங்கிய நாள், நேரம், ஒவ்வொரு முறை பார்த்த அளவு, மருந்து கொடுத்த நேரம், எத்தனை மில்லி, சிறுநீர் கழித்த நேரம் என்று எழுதிவையுங்கள். அசதியில் தாய்க்கு எதுவும் நினைவில் நிற்காது. "மூணு நாலு நாளா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். மருத்துவருக்கு அது மூன்றா நான்கா என்பதுதான் தெரிய வேண்டும். எந்தப் பரிசோதனையை எந்த நாளில் செய்வது என்பதே அதைப் பொறுத்தது. டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை முதல் ஐந்து நாட்களில்தான் பயன்படும். டைஃபாய்டுக்கு விடால் என்று எழுதுவார்களே, அதை முதல் வாரத்தில் எடுப்பதில் பயன் மிகக் குறைவு. நேற்று மாலை சுடத் தொடங்கிய குழந்தைக்கு இன்றே எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னதை நீங்கள் மறுத்தது தவறில்லை. ஆனால் மருத்துவர் யாரும் பார்க்காமலே திரும்பி வந்துவிட்டீர்கள். அதை நாளைக் காலை சரிசெய்துவிட வேண்டும்.

களக்காட்டுக்காரர் | ஞாயிறு, இரவு 10.30

காய்ச்சலில் வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று யாரும் விரிவாகச் சொல்லவில்லை. என் தங்கை மகனுக்கு ஒன்றரை வயதில் வந்தது. வீட்டில் இருந்த பெரியவர்கள் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள், பல்லுக்கிடையில் கரண்டியை நுழைத்தார்கள். உதடு கிழிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஏறும்போது இப்படி வரும். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானே நின்றுவிடும். தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனை. முதல் முறை வந்த வலிப்பு தானே நின்றாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பாளைக்குப் புதியவள் | திங்கள், மாலை 5.15

இன்று காலை வண்ணார்பேட்டை அக்கா தனிச்செய்தியில் சொன்ன மருத்துவரிடம் சென்றோம். இரவில் எழுதிய தாளைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். மருந்து கூடிப்போனதைச் சொன்னபோது கடிந்துகொள்ளவில்லை. சரியான அளவைச் சிரிஞ்சில் கோடு போட்டுக் காட்டினார். காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். உண்ணி கடித்த கருத்த பொருக்கு இருக்கிறதா என்று அக்குளிலும் தொடையிடுக்கிலும் தேடினார். உண்ணிக்காய்ச்சலை அப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம். எதுவும் இல்லை. பாராசிட்டமாலும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் மட்டும் எழுதி, "நாளை மாலையும் காய்ச்சல் இருந்தால் தொலைபேசியில் மருந்து கேட்காமல் குழந்தையோடு வாருங்கள்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. இப்போது மீண்டும் 103. பக்கத்து வீட்டு அம்மா, தன் பேரனுக்குக் கொடுத்து மீந்த ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். நிலவேம்புக் குடிநீரும் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

மருந்துக்கடைத் தம்பி | திங்கள், மாலை 5.40

அந்தச் சிரப்பைக் கொடுக்காதீர்கள், சகோதரி. தண்ணீர் கலந்து வைத்த ஆன்டிபயாடிக் சிரப் ஓரிரு வாரத்திற்குள் வீரியம் இழந்துவிடும். அது வேறொரு குழந்தையின் எடைக்கு, வேறொரு நோய்க்கு எழுதியது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. எந்த இடத்தில் கிருமி என்று தெரியாத காய்ச்சலில் இரண்டு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போய்விட்டால், பிறகு எடுக்கும் கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், கிருமி வளராமல் போகலாம். நோய் முழுதாகத் தீராமலும், என்ன நோய் என்று தெரியாமலும் நிற்கும்.

நிலவேம்பைப் பற்றி: டெங்குக் காலங்களில் அரசே வழங்கிய குடிநீர் அது. நான் இகழ மாட்டேன். ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்குச் சித்த மருத்துவர் அளவு சொல்லாமல் கொடுக்க வேண்டாம். அந்தக் கசப்பில் குழந்தை வாந்தி எடுத்தால், குடித்த கஞ்சியும் வீணாகும்.

இரண்டு பிள்ளைகளின் தகப்பன் | திங்கள், இரவு 8.05

நேற்று நான் எழுதியதை மீண்டும் படித்தேன். அச்சத்தில் எழுதியது அது. இந்த மருத்துவர் திரும்பி வரச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஒன்று மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: நாளை மாலை காய்ச்சல் இல்லாவிட்டாலும் கையையும் காலையும் தொட்டுப் பாருங்கள், சிறுநீர் போகிறாளா என்று பாருங்கள்.

பாளைக்குப் புதியவள் | செவ்வாய், இரவு 10.20

மாலையில் 102.8 இருந்ததால் மீண்டும் சென்றோம். ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் என்.எஸ்.1-உம் எடுத்தார், டெங்கு இல்லை, தட்டணுக்கள் இயல்பு, வெள்ளணுக்கள் மட்டும் கூடியிருந்தன. பிறகு, "சிறுநீர் கழிக்கும்போது அழுகிறாளா?" என்று கேட்டார். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை டயப்பர் மாற்றும்போது அழுதது நினைவுக்கு வந்தது. தாளை எடுத்துப் பார்த்தேன். திங்கள் காலையும், இன்று மதியமும் "சிறுநீர், அழுதாள்" என்று நானே எழுதியிருக்கிறேன். எழுதியவளுக்கு உறைக்கவில்லை.

சிறுநீர் பிடிப்பதற்குப் பட்டபாடு பெரிது. டயப்பரைக் கழற்றி, தண்ணீரால் சுத்தமாகக் கழுவித் துடைத்து, கிளினிக் வராந்தாவில் மடியில் வைத்துக்கொண்டு, இளநீரைச் சங்கில் ஊற்றிக் கொடுத்தபடி நாற்பது நிமிடம் காத்திருந்தேன். மூடியைத் திறந்த பாட்டிலோடு என் கணவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டுமாம். பாட்டிலின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாதாம். பிடித்த உடனே பரிசோதனைக் கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். சிறுநீரில் சீழ் அணுக்கள் நிறைய இருக்கின்றன, சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்றாம். கல்ச்சருக்கு அனுப்பிய பிறகே மருத்துவர் ஆன்டிபயாடிக் தொடங்கினார்.

செவிலியம்மா | புதன், காலை 6.30

சளியும் இருமலும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் இருக்கும் பெண் குழந்தைக்குச் சிறுநீரைப் பார்க்க வேண்டும் என்று வார்டில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த இழையில் எல்லோருமாக டெங்குவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, நானும் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கடந்துபோய்விட்டேன். எனக்கு வருத்தமாக இருக்கிறது. நேரில் பார்க்கும் மருத்துவரின் இடத்தை எழுத்தில் யாராலும் நிரப்ப முடியாது.

காய்ச்சல் இன்றே நிற்காது. ஒன்றிரண்டு நாட்கள் ஆகும். நின்றதும் மருந்தை நிறுத்திவிடாமல், சொன்ன நாள்வரை கொடுங்கள்.

பாளைக்குப் புதியவள் | வெள்ளி, இரவு 7.50

நேற்று மாலையிலிருந்து காய்ச்சல் இல்லை. கல்ச்சரில் ஈ கோலை கிருமி வளர்ந்திருக்கிறது. கொடுத்துவரும் மருந்துக்கே அது கட்டுப்படும் என்று அறிக்கை வந்திருக்கிறது. சிறுநீரகத்தை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறார், திங்கட்கிழமை போகிறோம். டயப்பரை அடிக்கடி மாற்றவும், முன்னிருந்து பின்னாகத் துடைக்கவும், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னார். இன்று காலை அவளே தட்டை இழுத்து வைத்து முழுதாக ஒரு தோசை சாப்பிட்டாள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கல்ச்சர் அறிக்கையைக் காட்டி விளக்கினேன். அந்தச் சிரப்பை என் கண் முன்னாலேயே கொட்டிவிட்டார்.

மருத்துவரின் பெயரை இங்கே எழுதுவது முறையாக இருக்காது. கேட்பவர்களுக்குத் தனிச்செய்தியில் சொல்கிறேன். என்னைப் போல் புதிதாக ஊருக்கு வருபவர்கள், காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல் அடுத்த தடுப்பூசிக்கே ஒரு மருத்துவரிடம் சென்று பழகிக்கொள்ளுங்கள். அவர் குழந்தையைத் தொட்டுப் பார்க்கும் விதம், விடுமுறை நாளில் யாரிடம் அனுப்புவார் என்பதெல்லாம் பதற்றம் இல்லாத ஒரு நாளில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.

தென்காசித் தாய் | சனி, காலை 9.05

இழை முழுவதையும் படித்தேன். என் மகனுக்கு எட்டு மாதம். இன்று அதிகாலையிலிருந்து 101.8 இருக்கிறது. எங்கள் மருத்துவர் வெளியூர் சென்றிருக்கிறார்.

செவிலியம்மா | சனி, காலை 9.11

எடை எவ்வளவு, மகளே? பால் குடிக்கிறானா? கடைசியாகச் சிறுநீர் கழித்தது எத்தனை மணிக்கு, அப்போது அழுதானா?